நிலையும் கதவும்

ஓசூர் தேர்ப்பேட்டைக்கு அருகிலுள்ள எங்கள் பூர்வீக வீட்டின் தலைவாசல் கதவு இந்த மழைக்காலத்தோடு தன் ஆயுளை முடித்துக்கொண்டது. கீல் இல்லாத பழைய இரட்டைக் குடுமிக் கதவு. அடிச்சட்டம் உளுத்து, விரல் பட்டால் மாவாக உதிர்கிறது. மாற்றத்தான் வேண்டும். எதைப் போடுவது என்பதில்தான் வீட்டுக்குள் வழக்கு.

தம்பி பாகலூர் சாலைக் கடையொன்றில் இரும்புக் கதவு பார்த்துவிட்டு வந்தான். தகட்டின் மேல் மர ரேகை அச்சு, பல முனைப் பூட்டு. அவன் கட்சியை நான் எள்ளி நகையாட மாட்டேன். பகலில் அம்மா தனியாக இருக்கிறார். 1970களில் சிப்காட் வந்ததிலிருந்தே வேலை தேடி வருவோரால் பெருகிய ஊர் இது. இப்போது பெங்களூருக்குப் போய்வருபவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அடுத்த வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று அறிவதற்குள் காலி செய்துவிடுகிறார்கள். "கதவைத் திறந்து போட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்த காலம் போயிற்று அண்ணா" என்றான். உண்மைதான்.

ஆனால் அந்த இரும்புக் கதவு தன் நிலையோடு சேர்ந்தே வருகிறது. அதைப் பொருத்த, பழைய நிலையைச் சுவரிலிருந்து பெயர்த்தாக வேண்டும். எங்களுடையது மண் சாந்தில் எழுப்பிய சுவர். தனியாக லிண்டல் கிடையாது; நிலையின் மேற்சட்டமே தலைக்கு மேலுள்ள பாரத்தைத் தாங்குகிறது. ஆசாரி தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தார். நிலை வலப்புறம் அரை அங்குலம் சாய்ந்திருக்கிறதாம். "மரமென்றால் சாய்வுக்கேற்ப இழைத்துவிடலாம் சார், இரும்பை என்ன செய்வது?" என்றார். எனக்கு அதுவே போதுமாயிருந்தது.

நெடுநல்வாடையை வகுப்பில் நடத்தும்போது அரண்மனை வாயில் வரும் இடத்தில் மாணவர்கள் கொட்டாவி விடுவார்கள். இரும்பால் பிணித்து அரக்கு வழித்த கதவு, உத்தரம் என்னும் நாள்மீனின் பெயர் கொண்ட மேல்மரம் என்று நக்கீரர் அடுக்கிக்கொண்டே போவார். கைதேர்ந்த தச்சன் முடுக்கியதால் இடைவெளியே இல்லை என்பதுதான் அவர் வியப்பின் உச்சி. விலையுயர்ந்த மரத்தைவிடப் பொருத்தத்தையே அவர் பெரிதாகச் சொல்கிறார் என்பது, ஆசாரி அந்த அரை அங்குலத்தைக் காட்டியபோதுதான் எனக்கே உறைத்தது.

வேறொரு மோகமும் இருக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், இடிக்கப்பட்ட செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்குக் கதவுகள் விற்பனைக்குக் கிடைக்கின்றன. நண்பரொருவர் அங்கிருந்து வாங்கச் சொன்னார். கப்பல் வணிகம் செய்தவர்களின் மாளிகைக்கென்று செய்த கதவு, குனிந்து நுழையும் எங்கள் ஓட்டு வீட்டில் இரவல் வேட்டிபோல் தொங்கும். தவிர, ஒரு வீட்டை உரித்து இன்னொன்றுக்கு அணிவிப்பதை மரபுப் பற்று என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

எங்கள் தெருவில் வாயில், பாகிலு, வாகிலி என மூன்று மொழியிலும் ஒரே வேர்ச்சொல் புழங்குகிறது. படிக்கு மட்டும் கன்னடர் ஹொஸ்திலு என்பார்கள், தெலுங்கர் கடப என்பார்கள். வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பதில் பேதமில்லை. அம்மா அறுபது ஆண்டுகளாக மஞ்சள் பூசிய படியைக் கடப்பாரை கொண்டு பெயர்க்க வேண்டும் என்பதைத் தம்பி அதுவரை யோசித்திருக்கவில்லை.

முடிவில், நிலை இருந்தபடியே இருக்கும். வேங்கை மரத்தில், கன்னடர் ஹொன்னே என்பது, இரட்டைக் கதவு. ஒற்றைக் கதவானால் எங்கள் குறுகிய நடையில் பாதியை அடைத்துவிடும். பலகைகளைப் பசையிட்டு ஒட்டாமல் சட்டத்தின் காடியில் தளர்வாகச் செருகச் சொல்லியிருக்கிறேன். ஐப்பசி ஈரத்தில் ஊதினாலும் பிளக்காது. உட்புறம் ஓர் இரும்புக் கிராதி. பகலில் கதவு திறந்திருக்கும், கிராதி பூட்டியிருக்கும். அம்மா தெருவைப் பார்க்கலாம். அழகு குறையும்தான். தம்பியின் அச்சத்துக்கும் இடம் கொடுக்க வேண்டுமல்லவா?

பூட்டைத் தானே வாங்கி வருவதாகத் தம்பி சொல்லியிருக்கிறான். பழைய கதவின் பித்தளை வளையத்தைக் கழற்றிப் புளி போட்டுத் துலக்கி வைத்திருக்கிறார் அம்மா.