வராத பதிலும் தோல்வியும் ஒண்ணா?

போன வாரம் மடிவாளா டீக்கடையில 20 ரூபாய்க்கு ஸ்கேன் பண்ணேன். சக்கரம் சுத்திச்சு, சுத்திக்கிட்டே இருந்துச்சு... கடைசியில 'பணம் போகவில்லை, மீண்டும் முயலவும்'னு வந்துச்சு. நல்ல பிள்ளையா மறுபடி அனுப்பினேன். கல்லா மேல இருந்த பெட்டி அடுத்தடுத்து ரெண்டு தடவை கூவிச்சு. "எரடு சல பந்து சார்"னு சிரிச்சுக்கிட்டே 20 ரூபாய் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார் கடைக்காரர்.

எனக்குச் சிரிப்பு வரலை. இதே தப்பை நானும் எழுதியிருக்கேன்.

பொட்டி தட்டாத மக்களுக்காக: ஆண்ட்ராய்டுல திரையை வரையறதும் உங்க விரல் தொடறதைக் கவனிக்கறதும் ஒரே திரெட். அதை நெட்வொர்க்குக்காகக் காக்க வச்சா, 5 செகண்ட்ல 'ஆப் பதிலளிக்கவில்லை'னு போன் மானத்தை வாங்கிடும். அதனால வேலையைப் பின்னணிக்குத் தள்ளிட்டு, 'முடிஞ்சதும் கூப்பிடு'னு ஒரு கால்பேக் கொடுத்துட்டு வருவோம். அதுல வழக்கமா ரெண்டே கதவு. ஆன்சக்ஸஸ், ஆன்ஃபெயிலியர்.

என் கோபமே இந்த ரெண்டு கதவு மேலதான். பணம் பேங்க்கை விட்டுப் போயாச்சு, பதில் மட்டும் சில்க் போர்டு டிராஃபிக்ல மாட்டின மாதிரி வரலை. இது எந்தக் கதவு? டைம்அவுட் ஆனதும் ஆன்ஃபெயிலியர்ல வந்து விழும். நாமளும் யோசிக்காம 'தோல்வி'னு காட்டிடறோம். 2020ல ஆண்ட்ராய்டு 11 வந்தப்போ ஏசிங்க்டாஸ்க்கை ஓரங்கட்டினாங்க, இப்போ எல்லாரும் கோரூட்டீன். கோடு அழகாயிடுச்சு, சரி. கேட்ச்சுக்குள்ள அதே பொய்தான்!

நான் எழுதினது பஸ் டிக்கெட் ஆப். பொங்கல் நேரம். ஒரு பையன் ரெண்டு தடவை கட்டிட்டு, 'கையில சாப்பாட்டுக்குக் காசில்ல'னு மெயில் போட்டான். ரெண்டு பணமும் ஒழுங்கா எங்களுக்கே வந்து சேர்ந்திருந்துச்சு. தோல்வியானதைத்தான் பேங்க் தானா திருப்பும். இதை நாங்கதான் திருப்பணும். நாலு நாள் ஆச்சு.

அப்புறம் மாத்தினோம். பணம் கட்டறதுக்கு முன்னாடியே ஒரு எண், எத்தனை தடவை முயன்றாலும் அதே எண். ரெண்டாவது தடவை வந்தா சர்வர் 'ஏற்கெனவே வந்தாச்சு'னு சொல்லிடும். நடுவுல போன் ஆப்பையே கொன்னுட்டா கால்பேக்கும் சேர்ந்து செத்துடும், அதனால திறந்ததும் முதல் வேலை அந்த எண்ணை விசாரிக்கறது. அதுவரைக்கும் திரையில 'இன்னும் தெரியவில்லை'. பயனர் பயந்துடுவார்னு மேனேஜர் முறைச்சார். பயப்படட்டுமே சார், பட்டினி கிடக்கறதுக்கு இது தேவலை!

டீக்கடையில இப்பெல்லாம் நான் திரையைப் பார்க்கறதே இல்ல. பெட்டி கூவற வரைக்கும் கிளாஸோட நிக்கறேன்.