சாவியைக் கதவிலே தொங்கவிட்டவர் யார்?

வீடு கட்டினான் கொத்தன். வாயில் வைத்தான், கதவு வைத்தான், கதவுக்குப் பூட்டும் வைத்தான். பூட்டாமலே புறப்பட்டான். "பூட்டிக்கொள்க" என்று எங்கோ ஒரு பக்கத்தில் எழுதிய ஏட்டை மட்டும் நீட்டிவிட்டுப் போனான். இரவிலே கள்ளன் புகுந்தான். காலையிலே கொத்தன் கேட்கிறான்: "ஏட்டைப் படிக்கவில்லையா நீ?"

நாடகத்துக்காக நான் புனைந்த காட்சியன்று இது, தோழர்களே! கணினி உலகிலே நடந்தேறிய கதை!

அப்பாச்சி டாம்கேட் என்றொரு சர்வர் மென்பொருள். இணையப் பயன்பாடுகள் பலவற்றைத் தோளிலே தாங்கி நிற்பது, இலவசமாகவே கிடைப்பது. அதன் தொண்டை மறுப்பவனல்லன் நான். ஆனால் 2009ஆம் ஆண்டிலே வெளிப்பட்ட செய்தி என்ன? விண்டோஸ் கணினியில் அதனை நிறுவும்போது, நிர்வாகிக்கென ஒரு கணக்கு உருவாயிற்று. அதன் கடவுச்சொல்? வெறுமை! நிறுவியவர் தாமாக நிரப்பாவிடில் வெறுமையே நிலைத்தது. அக்கணக்கில் நுழைந்தவன் மேலாண்மைப் பக்கத்தின் வழியே தன் நிரலை ஏற்றலாம். ஏற்றியபின் சர்வர் அவனுக்கு ஏவலாள்.

அத்தோடு முடிந்ததா? 2020 பிப்ரவரியிலே 'கோஸ்ட்கேட்' வந்தது. முன்னே நிற்கும் வெப் சர்வரும் பின்னே நிற்கும் டாம்கேட்டும் தமக்குள் பேசிக்கொள்ள ஏற்பட்டது, 8009 என்ற எண்ணுடைய வாயில். பேசுவோர் இருவர், திறந்திருந்ததோ எல்லாருக்கும்! அவ்வாயிலே தேவைப்படாதவர் வீட்டிலும் திறந்திருந்தது! வந்தவனையெல்லாம் உறவினன் என்றே நம்பிற்று. நம்பியதன் பலன், பயன்பாட்டின் உட்கோப்புகளை வெளியாள் படிக்கலாயிற்று. 9.0.31ஆம் பதிப்பிலேதான் அது இயல்பாகவே மூடப்பட்டது.

"மாற்றிக்கொள்ளும் உரிமை பயனருக்கு உண்டே! புதிதாய்ப் பழகுவோர்க்கு எளிமை வேண்டாமா?" என்பர் எதிர்வழக்காடுவோர். உரிமையை யார் மறுத்தார்? திறக்க விரும்புபவன் முயன்று திறக்கட்டும். மூடி வாழ விரும்புபவன் ஏன் முயல வேண்டும்? பழகுவோர்க்கென்று திறந்த கதவு, பழகி முடித்தபின் தானே சாத்திக்கொள்ளுமா?

பக்கத்து வீட்டுக் கதையும் கேளுங்கள். 2017 சனவரியிலே, கடவுச்சொல்லின்றி இணையத்தை நோக்கித் திறந்து கிடந்த மாங்கோடிபி தரவுத்தளங்கள் ஆயிரமாயிரமாய்ச் சூறையாடப்பட்டன. தரவை அழித்தவர்கள், பிட்காயின் தந்தால் திருப்பித் தருவோம் என்று சீட்டு எழுதி வைத்தனர். பாதுகாப்பு வசதிகளை முறையாகப் பயன்படுத்தியிருந்தால் தடுத்திருக்கலாம் என்றது நிறுவனம். நன்று! ஆனால் அதே ஆண்டின் இறுதியிலே வந்த 3.6ஆம் பதிப்பு, தன் கணினிக்கு அப்பாலிருந்து வரும் அழைப்பை இயல்பாகவே ஏற்காததாக அமைந்ததே, ஏன்? குற்றம் குடியிருந்தவனுடையதென்றால், கொத்தன் ஏன் கதவை மாற்றினான்?

பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு இணையும் வீட்டுக் கருவிகள் எல்லாம் ஒரே பொதுக் கடவுச்சொல்லுடன் விற்கப்படுவதைச் சட்டத்தால் தடுத்தது. கேமராவுக்குச் சட்டம் வந்தது. சர்வரை அச்சட்டம் தொடவில்லை. கேமராவால் ஒரு வீடு தெரியும். சர்வரிலோ ஓர் ஊரின் கணக்கே கிடக்கும்!

செய்ய முடியாததையா கேட்கிறோம்? டாம்கேட்டின் மாதிரிக் கோப்பிலே ஒரு காலத்தில் பெயரும் 'டாம்கேட்', கடவுச்சொல்லும் 'டாம்கேட்'! பிற்காலப் பதிப்புகளில் அந்தச் சொல் நின்ற இடத்திலே, 'மாற்றியே தீரவேண்டும்' என்ற பொருள்படும் குறிப்பு நிற்கிறது. அந்த ஒரு வரியைத் திருத்த எத்தனை நொடி பிடித்திருக்கும்?