தலைப்புல எலியைப் போடுங்கய்யா!

போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு சித்தப்பா போன் பண்ணினார். "ஏம்ப்பா, பாக்டீரியாவே கேன்சரைத் தின்னுடுதாமே, வாட்ஸப்புல வந்திருக்கு. சித்திக்கு அடுத்த கீமோவைத் தள்ளிப் போட்டுடலாமா?"

தூக்கம் போச்சு. அவர்கிட்ட சொன்னதையே இங்கயும் எழுதி வெச்சுடறேன்.

மேட்டர் பொய்யில்லீங்க. 1891லயே நியூயார்க்கில் வில்லியம் கோலி என்ற சர்ஜன் ஒரு நோயாளியின் கட்டியில் வேணும்னே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை ஊசியா ஏத்தினார். கட்டி கரைஞ்சுது. ஆனா எல்லாருக்கும் அப்படி நடக்கலை. சிலர் அந்தத் தொற்றிலேயே இறந்தும் போனாங்க.

ஏன் கிருமி? கட்டியோட நடுவுல ரத்த ஓட்டம் கம்மி, ஆக்சிஜனும் கம்மி. மருந்து உள்ளே போகத் திணறும். உடம்போட எதிர்ப்பு சக்தியும் அங்கே எடுபடாது. சில பாக்டீரியாவுக்கு அதுதான் சொகுசு பங்களா! அதனால அதோட ஜீனை மாத்தி, மருந்து சுமக்க வைக்கிறாங்க. 2019ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செஞ்ச ஈ.கோலை, கட்டிக்குள்ள பெருகி, கூட்டம் சேர்ந்ததும் தானே வெடிச்சு மருந்தைக் கொட்டுச்சு. ஊசி போடாத வேற கட்டிகளோட வளர்ச்சியும் குறைஞ்சுது. அபாரம்தான்.

ஆனா அது எலிக்கு. 2002ல் வெளியான ஒரு ஆய்வைப் பாருங்க. எலிகிட்ட ஜெயிச்ச, வீரியம் குறைச்ச சால்மோனெல்லாவை, மெலனோமா முத்திப்போன 24 பேருக்குக் கொடுத்தாங்க. ஒருத்தருக்கும் கட்டி சுருங்கலை. பெரும்பாலானவங்க கட்டியில கிருமி குடியேறவே இல்லை.

அதுக்காக எல்லாம் டுபாக்கூர்னு சொல்ல வரலை. நம்ம தோள்ல தழும்பா நிக்குதே பிசிஜி, அதுவும் உயிருள்ள பாக்டீரியாதான். ஜீன் மாத்தாத சாதா சரக்கு. ஆரம்பநிலை சிறுநீர்ப்பை கேன்சருக்கு அதைக் கொடுத்துப் பார்த்த முடிவு 1976ல் வந்துச்சு. அமெரிக்காவில் அனுமதி கிடைச்சது 1990ல். இன்னிக்கும் ஆஸ்பத்திரிகள்ல கொடுக்கறாங்க. பதினாலு வருஷம் ஆச்சு, பார்த்தீங்களா?

என் கோபம் விஞ்ஞானிங்க மேல இல்லை, தலைப்பு போடறவங்க மேல. 'எலிகளில்'னு ஒரே ஒரு வார்த்தை சேர்த்தா குடியா முழுகிடும்? அது இல்லாததாலதான் ஒரு வீட்டுல கீமோ தள்ளிப்போகப் பார்த்துச்சு.

நம்பிக்கை வைங்க, தப்பில்லை. புது சிகிச்சை பத்தி டாக்டர்கிட்டயும் கேளுங்க. கையில இருக்கற வைத்தியத்தை மட்டும் விட்டுடாதீங்க.

சித்திக்கு செவ்வாய்க்கிழமை கீமோ. கார் ஓட்டப்போறது நான்தான் :)