முட்டையில் ஒரு கரிக்குறி

அயர்லாந்து நாட்டுக் கிராமங்களில் கோழியை அடை வைக்கும்போது, ஒவ்வொரு முட்டையிலும் கரிந்த குச்சியால் சிலுவைக் குறி போடுவது முன்பு வழக்கமாக இருந்தது. நம்மில் பலர் இதை மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவோம். ரயில்வே பணிமனையில் காலம் கழித்த எனக்கு அப்படித் தள்ள மனம் வரவில்லை. பரிசோதித்த சக்கரத்தில் சாக்பீஸால் குறி போடாமல் நாங்கள் அடுத்ததற்குப் போனதில்லை. அடைக்கூட்டில் வேறு கோழி புகுந்து புது முட்டை இட்டுவிட்டால், குறியில்லாததை உடனே எடுத்துவிடலாம் அல்லவா? ஆசிக்கு ஆசி, அடையாளத்துக்கு அடையாளம்.

எல்லா வழக்கமும் இப்படியல்ல. அந்தக் காலத்தில் மே முதல் தேதியன்று பாலோ நெருப்போ வெளியே கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் அந்த வருஷத்து வெண்ணெய் வாங்கியவர் வீட்டுக்குப் போய்விடும் என்று பயந்தார்கள். கடைந்தும் வெண்ணெய் திரளாவிட்டால் பழி அண்டை வீட்டுப் பெண்மேல் விழுந்தது. இதை யார் பாராட்ட முடியும்?

ஆனால் நல்லது, கெட்டது இரண்டையும் அந்த நாட்டார் எழுதி வைத்தார்கள். 1935-ல் அமைந்த அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணையத்தின் திட்டப்படி, 1937 முதல் 1939 வரை 5,000-க்கு மேற்பட்ட ஆரம்பப் பள்ளிகளின் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதினார்கள். கால்நடை பராமரிப்பும் ஒரு தலைப்பு. கோழியைக் கூப்பிட 'டியுக் டியுக்', கன்றுக்கு 'சக் சக்' என்றெல்லாம் குறித்தார்கள். சேர்ந்தவை ஏறத்தாழ 7,40,000 பக்கங்கள்! எழுதியவர்கள் பண்டிதர்கள் அல்லர். 11 முதல் 14 வயதுப் பிள்ளைகள். அந்த ஆணையத்தின் தொகுப்பை 2017-ல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

எழுதி வைப்பது வேறு, கடைப்பிடிப்பது வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல்தான், பாட்டி வாயைத் திறந்தாலே நம் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நாமும் கூடச் சிரிக்கிறோம். 'எங்கள் ஃபிளாட்டில் மாடு ஏது, கோழி ஏது?' என்று கேட்கலாம். பாட்டியின் வீட்டில் இருந்ததே! மாட்டை எந்தச் சொல்லால் அதட்டினாள், கன்று ஈன்றால் என்ன செய்தாள் என்று இங்கே வளரும் பேரனுக்கு வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும் நம் சங்கத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கட்டும். தமிழ் எழுத வராத பிள்ளைக்கு அம்மா எழுதிக் கொடுக்கலாம். சொன்னவர் பெயர், வயது, ஊர் ஆகியவற்றை அந்த அயர்லாந்துப் பிள்ளைகள் செய்ததுபோலக் கீழே குறிக்க வேண்டும். சரியா தவறா என்ற தீர்ப்பைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். பாட்டிக்கு வயதாகிறது.