பி.எஃப். பணம் முழுவதையும் நகையாக வாங்கி வைக்கலாமா?

கேள்வி: விருத்தாசலத்தில் செராமிக் பட்டறையில் 27 வருடம் வேலை பார்த்துவிட்டு, 61 வயதில் ஓய்வு பெற்றேன். பி.எஃப். பணம் 6 லட்சம் வந்திருக்கிறது. ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலத்தில் மல்லாட்டை, உளுந்து போடுகிறேன். மனைவிக்குச் சர்க்கரை நோய். மாதாமாதம் மருந்துச் செலவு உண்டு. 'தங்கம் ஏறிக்கொண்டே போகிறது, மொத்தத்தையும் நகையாக வாங்குங்கள்' என்கிறார் மருமகன். செய்யலாமா?

- வாசகர், கம்மாபுரம்

பதில்: ஐயா, மொத்தத்தையும் வேண்டாம். தங்கம் நல்ல சேமிப்புதான். ஆனால், அது மாதாமாதம் மருந்துக்குக் காசு தராது. முதல்முறை தங்கத்தில் பெரிய தொகை போடுபவர்கள் செய்யும் தவறுகளைச் சொல்கிறேன்.

1. நகையை முதலீடு என்று நினைப்பது. 1 லட்சம் ரூபாய்க்கு நகை வாங்குகிறீர்கள். செய்கூலி, சேதாரம் 12 சதவிகிதம், ஜி.எஸ்.டி. 3 சதவிகிதம் என்றால், அதில் தங்கத்தின் மதிப்பு சுமார் 86,700 ரூபாய்தான். மறுநாளே விற்றாலும் மீதி திரும்பாது. கல் வைத்த நகையில் கல்லின் எடையையும் கழிப்பார்கள்.

2. வங்கியில் நாணயம் வாங்குவது. வங்கிகள் தங்க நாணயம் விற்கும், திரும்ப வாங்காது. விற்பதற்கு நகைக் கடைக்குத்தான் போக வேண்டும்.

3. மாற்றுப் பார்க்காமல் வாங்குவது. உங்கள் மணிமுத்தாற்றில் பொன்னைப் போட்டு, திருவாரூர் கமலாலயக் குளத்தில் எடுத்த சுந்தரரே, மாற்று உரைத்துப் பார்க்கத் துண்டு வெட்டி வைத்துக்கொண்டார் என்பது கதை. நமக்கு அந்த உரைகல், ஹால்மார்க். 2023 ஏப்ரல் 1 முதல் பி.ஐ.எஸ். முத்திரை, 22கே916 என்ற தரம், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி. மூன்றும் நகையில் இருக்க வேண்டும். அந்த எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

4. போனஸ் ஆசையில் கடையில் பணம் கட்டுவது. 2023-ல் திருச்சி ப்ரணவ் ஜுவல்லர்ஸ் கிளைகள் மூடப்பட்டு, திட்டங்களில் பணம் போட்டவர்கள் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகாரோடு நின்றதை மறக்க வேண்டாம். செல்போனில் விற்கும் 'டிஜிட்டல் கோல்டு' தன் கண்காணிப்பில் இல்லை என்று செபியும் 2025 நவம்பரில் எச்சரித்தது.

5. ஏறும் விலை இறங்காது என்று நம்புவது. 2011 செப்டம்பரில் உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் 1,900 டாலரைத் தொட்ட தங்கம், 2015 டிசம்பரில் 1,050 டாலர் அளவுக்கு வந்தது. பழைய உச்சத்தைத் திரும்பப் பிடிக்க 2020 ஆனது. இடையில் ஆஸ்பத்திரிச் செலவு வந்திருந்தால் நஷ்டத்தில்தான் விற்றிருக்க வேண்டும்.

உங்கள் 6 லட்சத்தை இப்படிப் பிரிக்கலாம். 4 லட்சத்தை அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். 2023 ஏப்ரலில் இதன் வட்டி 8.2 சதவிகிதமானது. அந்தக் கணக்கில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 8,200 ரூபாய் வரும், மருந்துக்கு ஆகும். சேரும் நாளின் வட்டி ஐந்து வருடமும் மாறாது என்பதால், அன்றைய விகிதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். 1 லட்சத்தை விதை, உரம், அவசரச் செலவுக்காக வங்கியில் வையுங்கள். மிச்சமுள்ள 1 லட்சத்துக்குத் தங்கம் வாங்கலாம். அதையும் ஒரே நாளில் வாங்காமல் நாலைந்து தவணையாக வாங்குங்கள்.

வீட்டில் போட்டுக்கொள்ள என்றால் கல் இல்லாத, சேதாரம் குறைந்த வளையல், சங்கிலி போதும். பயிர்ச் செலவுக்கு வங்கியில் அடகு வைக்கவும் உதவும். சேமிப்பு மட்டும்தான் நோக்கம் என்றால் மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களின் தங்க ஃபண்ட் இருக்கிறது. செய்கூலி இல்லை, திருட்டுப் பயமும் இல்லை. விலை இறங்கினால் அதுவும் இறங்கும்.

எதில் போட்டாலும் மனைவி பெயரை நாமினியாகப் பதிந்துவிட்டு, ரசீதுகள் இருக்கும் இடத்தை அவரிடம் சொல்லி வையுங்கள்.