விஷவாயு தாக்கவில்லை

"விஷவாயு தாக்கி தூய்மைப் பணியாளர் பலி." இந்தத் தலைப்பை எத்தனை முறை படித்துவிட்டோம் தோழர்களே! என்னவோ வாயு ஒளிந்திருந்து பாய்ந்தது போல.

மாலில் கையை நீட்டினால் குழாயில் தண்ணீர் கொட்டுகிறது. போனைக் காதில் வைத்தால் திரை அணைகிறது. வெளிச்சம், சூடு, தூரம், வாயு என எதில் மாற்றம் வந்தாலும் அதை மின்சமிக்ஞையாக மாற்றும் சின்னப் பொருள்தான் சென்சார். அது இல்லாத இடமே இல்லை. மலக்குழிக்குள் இறக்கப்படுகிறவருக்கு மட்டும் மூக்குதான் சென்சார்.

அந்த மூக்கும் கைவிடும். குழிக்குள் ஊறும் ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 100 பங்கை எட்டினால் மோப்ப உணர்வே மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது, ஆபத்தில்லை என்று தோன்றும் நேரம்தான் கொடியது. 500, 1000 என்று ஏறினால் சில மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவார். காற்றைவிடக் கனமான வாயு. கசடைக் கிளறினால் குபுக்கென்று கிளம்பும். காப்பாற்ற இறங்கும் அடுத்தவரும் விழுவது இதனால்தான். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது இன்னும் மோசம், உள்ளே மீத்தேன் இருக்கிறது.

இதை அளக்க உள்ளங்கை அளவு கருவி உண்டு. ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனாலே அலறும். 2013 சட்டத்தின் விதிகளில் உள்ள பாதுகாப்புக் கருவிப் பட்டியலில், நான்கு வாயுக்களை அளக்கும் இந்தக் கருவியும் இருக்கிறது. பாதுகாப்புக் கருவி தராமல் இறக்குவது அந்தச் சட்டப்படி குற்றம். உச்ச நீதிமன்றம் 2014இல் 10 லட்சம் என்றது, 2023இல் 30 லட்சம் என்றது. பிணத்துக்கு விலை ஏறுகிறது. கருவி வந்ததா?

சென்சார் வாங்கக் காசில்லை என்று சொல்லாதீர்கள். நாக்பூரிலும் சண்டிகரிலும் தூய்மைப் பணியாளர் கையில் ஜிபிஎஸ் கடிகாரம் கட்டினார்கள். அவர் எங்கே நிற்கிறார் என்று அறிய கருவி இருக்கிறது. அவர் எதைச் சுவாசிக்கிறார் என்று அறியத்தான் இல்லை. இதற்குப் பெயர் சாதி, தொழில்நுட்பக் குறைபாடு அல்ல.

கருவியைக் கையில் கொடுத்து இறக்கு என்பதல்ல நம் கோரிக்கை. மனிதர் இறங்கவே கூடாது, இயந்திரம் இறங்கட்டும். அதுவரை உங்கள் ஊர் நகராட்சிக்குத் தகவல் உரிமை மனு போடுங்கள்: வாயு அளக்கும் கருவிகள் எத்தனை வாங்கினீர்கள், கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள், ஒப்பந்தக்காரரின் ஆட்களிடம் எத்தனை இருக்கின்றன?