சான்றிதழ் சுவரில் தொங்குவதற்கா?

சென்ற மாதம் ஒரு பழைய பஞ்சாலைத் தோழரின் வீட்டுக்குப் போயிருந்தோம். முப்பது வருஷம் ஸ்பின்னிங்கில் நின்ற கால்கள். இப்போது திண்ணையை விட்டு இறங்கவே யோசிக்கின்றன. அவருடைய மகள் பிளஸ் டூ தேறியிருக்கிறாள். மருந்தாளுநர் படிப்புப் படிக்க வேண்டும் என்கிறாள். தோழர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"தோழர், இந்தப் படிப்பை முடிச்சா வேலைக்கே போக வேண்டாமாம். சர்டிபிகேட்டை ஒரு மருந்துக் கடைக்காரர்கிட்டக் கொடுத்துட்டா மாசாமாசம் பணம் வீடு தேடி வருமாம். சேர்த்துவிடறேன்னு வந்த ஆள் சொல்றான். நெசந்தானா?"

நிஜந்தான். நாட்டில் அப்படி நடக்கத்தான் செய்கிறது. அதனால்தான் இதைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஒரு காலத்தில் இந்த நாட்டில் மருந்து கலக்குவதற்கு எந்தத் தகுதியும் தேவைப்படவில்லை. டாக்டரிடம் எடுபிடியாக இருந்தவர் நாளடைவில் கம்பவுண்டர் ஆனார். கலப்பட மருந்தும் போலி மருந்தும் சந்தையில் தாராளமாகப் புழங்கின. 1930-ல் சோப்ரா தலைமையில் அமைந்த விசாரணைக் கமிட்டி இந்த நிலைமையை ஆராய்ந்தது. 1932-ல் காசி ஹிந்து சர்வகலாசாலையில் மகாதேவ லால் ஷ்ராப் மருந்தியல் படிப்பைத் தொடங்கினார். கடைசியில் 1948-ல் பார்மசி சட்டம் வந்தது. டாக்டர் எழுதிய சீட்டுக்கு மருந்து கலந்து கொடுக்கும் உரிமை பதிவு பெற்ற மருந்தாளுநருக்குத்தான் உண்டு என்பது அதன் 42-வது பிரிவு. மருந்துக் கடையிலும் அவருடைய நேரடி மேற்பார்வையில்தான் மருந்து கொடுக்க வேண்டும் என்பது விதி.

இந்த விதி ஏன்? டாக்டர் எழுதியதை எடுத்துக் கொடுக்க எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். போதாது.

இன்சுலின் ஊசியையே எடுத்துக்கொள்வோம். ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள மருந்தும் உண்டு, 100 யூனிட் உள்ள மருந்தும் உண்டு. அதற்கு அது, இதற்கு இது என்று சிரிஞ்சும் தனித்தனி. 100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 20 அல்ல, 50. இரண்டரை மடங்கு! ராத்திரி தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கி ஆள் மயங்கிப் போவார். மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் என்று ஒரு மாத்திரை கொடுக்கிறார்கள். அதை வாரத்தில் ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். மற்ற மாத்திரையைப்போல் தினம் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. டாக்டர் அறையில் கூட்டம். அவர் இரண்டு நிமிஷம் பார்த்து எழுதித் தள்ளுகிறார். சீட்டை வாங்கிப் பார்த்து, "அம்மா, இது ஞாயிற்றுக்கிழமை மட்டும்" என்று சொல்ல வேண்டியவர் ஜன்னலுக்குப் பின்னால் இருக்கும் மருந்தாளுநர். நோயாளிக்கும் தவறுக்கும் நடுவே நிற்கிற கடைசி ஆள் அவர்தான்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு வேறு வேலைகளும் உண்டு. எந்த மருந்து எவ்வளவு இருக்கிறது, எது முன்னால் காலாவதியாகும் என்று பார்த்து முந்தியதை முந்தி வெளியே அனுப்ப வேண்டும். இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் குளிர்ச்சியில் வைக்க வேண்டும். போதை தரும் மருந்துகளுக்குத் தனிக் கணக்கு வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1994-ல் மருத்துவப் பணிகள் கழகம் ஏற்பட்டது. சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய மருந்தை அது மொத்தமாக வாங்கி, பரிசோதித்து, ஜில்லா கிடங்குகள் வழியாக அனுப்புகிறது. மற்ற மாநிலங்களும் பார்த்துப் பின்பற்றிய ஏற்பாடு இது. ஆனால் எவ்வளவு நல்ல ஏற்பாடாக இருந்தாலும், கடைசியில் அந்த மருந்து ஒரு கூலிக்காரப் பெண்ணின் கையில் சரியாகப் போய்ச் சேருவது ஜன்னலில் இருக்கும் ஒரு மனிதரைப் பொறுத்தது.

இப்போது அந்தச் சான்றிதழ் வியாபாரத்துக்கு வருவோம். கடையின் சுவரில் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. அதற்கு உரியவர் எங்கோ வேறு ஊரில் இருக்கிறார். மருந்தை எடுத்துக் கொடுப்பவன் அந்தப் படிப்புப் படிக்காத ஒரு பையன். அவனும் நம் வீட்டுப் பிள்ளைதான். காலை முதல் இரவு வரை நின்று சொற்பக் கூலி வாங்குகிறான். தவறு நடந்தால் அடி வாங்குபவனும் அவனே. சான்றிதழ்க்காரருக்கு ஒரு சின்னத் தொகை, பையனுக்கு அரைக் கூலி, நோயாளிக்கு ஆபத்து, முதலாளிக்கு முழுச் சம்பளம் மிச்சம். இதுதான் கணக்கு.

ஏரி வேலையில் வராத ஆளின் பெயரை மஸ்டர் ரோலில் எழுதிக் கூலி எடுத்தால் நாம் சும்மா இருக்கிறோமா? இதுவும் அதே மோசடிதான். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு சான்றிதழ் வாடகைக்குப் போனால் ஒரு மருந்தாளுநரின் வேலை ஒழிகிறது. இப்படி ஊர் ஊராக வேலைகள் ஒழிந்தபின், படித்த பிள்ளைகளுக்கு வேலை இல்லை என்று நாமே அழுகிறோம். வாடகைக்கு விடுபவர் தன் தொழிலின் கூலியைத் தானே வெட்டிக் குறைக்கிறார். வாரிசு வேலைக்காரனுக்கும் அந்தக் குழிதான்.

ஆகவே அந்தத் தோழருக்கு நாம் சொன்னது இது: "பெண்ணைப் படிக்க வையுங்கள். ஆனால் சுவரில் தொங்கவிட அல்ல, ஆஸ்பத்திரி ஜன்னலில் நிற்க."

வழியையும் சொன்னோம். பிளஸ் டூவில் விஞ்ஞானம் படித்தவர்களுக்கு டி.பார்ம் டிப்ளமா இரண்டு வருஷம். அதோடு 500 மணி நேரம் செய்முறைப் பயிற்சி. பி.பார்ம் பட்டம் நான்கு வருஷம். 2008-ல் வந்த பார்ம்.டி படிப்பு ஆறு வருஷம். அதில் வார்டுக்கே போய் நோயாளியின் மருந்தைக் கவனிக்கப் பழக்குகிறார்கள். படிப்பு முடிந்ததும் மாநில பார்மசி கவுன்சிலில் பெயரைப் பதிய வேண்டும். டிப்ளமாக்காரர்கள் அதற்கு முன் ஒரு தேர்வு எழுத வேண்டும் என்று 2022-ல் விதி வந்திருக்கிறது. சர்க்கார் ஆஸ்பத்திரி வேலைக்கு 2012-ல் அமைந்த மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கிறது. அதன் அறிவிப்பைப் பார்த்து நாமே மனுப் போடலாம். தரகர் யாரும் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இந்திய பார்மசி கவுன்சிலின் அங்கீகாரம் இல்லாத கல்லூரியில் படித்தால் பெயரைப் பதிய முடியாது. கட்டிடத்தையும் விளம்பரத்தையும் பார்த்து மயங்க வேண்டாம். கவுன்சிலின் பட்டியலில் கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்று பார்த்தபிறகே பணம் கட்டுங்கள். நகையை அடகு வைத்துக் கட்டிய பணம் திரும்பி வராது.

படித்துவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. தொகுப்பூதியம், காண்டிராக்ட் என்ற பெயரில் வருஷத்துக்கு வருஷம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறவர்கள் சுகாதாரத் துறையில் இருக்கிறார்கள். நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாதவர், "இந்த மருந்து காலாவதியானது, கொடுக்க மாட்டேன்" என்று மேலதிகாரியிடம் எப்படித் துணிந்து சொல்வார்? ஒரே ஆள் நூற்றுக்கணக்கான சீட்டுக்கு மருந்து கொடுத்தால் "ஞாயிற்றுக்கிழமை மட்டும்" என்று சொல்ல நேரம் ஏது? மருந்தாளுநரின் வேலைப் பாதுகாப்பும் நோயாளியின் உயிர்ப் பாதுகாப்பும் ஒரே விஷயந்தான்.

எனவே நம்முடைய கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும். சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் காலியான மருந்தாளுநர் இடங்களை நிரப்ப வேண்டும். நிரந்தரமாக நிரப்ப வேண்டும். நோயாளிகளின் கூட்டத்துக்கு ஏற்பப் புதிய இடங்கள் வேண்டும். மருந்துக் கடைகளைச் சோதிக்கும் அதிகாரி சுவரில் சான்றிதழைப் பார்த்துத் திரும்பிப் போகாமல், சான்றிதழ்க்காரரைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். கடையில் நிற்கும் பையனைத் தண்டித்து முதலாளியை விட்டுவிடக் கூடாது; அவன் படித்துத் தகுதி பெற வழி செய்ய வேண்டும். சர்க்கார் கல்லூரிகளில் இந்தப் படிப்புக்கு இடங்களைக் கூட்ட வேண்டும்.

நாமும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மருந்து வாங்கும்போது அவசரப்பட வேண்டாம். எது எப்போது, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எத்தனை நாள் என்று கேளுங்கள். கேட்பது நம் உரிமை. சொல்வது அவர் கடமை. பின்னால் நிற்பவர் முணுமுணுத்தால் அவருக்கும் சேர்த்தே கேட்கிறோம் என்று சொல்லுங்கள்.

தோழரின் மகள் உள்ளே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நாம் கிளம்பும்போது, தன் அப்பாவின் மாத்திரைப் பையைக் கொண்டுவந்து காட்டி, "இதில் இரண்டு ஒரே மருந்து மாதிரி இருக்கே மாமா, பேர்தான் வேற" என்றாள். பார்த்தால், அவள் சொன்னது சரி. வேறு வேறு கம்பெனிப் பெயரில் ஒரே ரத்தக்கொதிப்பு மாத்திரை! மறுநாள் காலையிலேயே அப்பாவை டாக்டரிடம் அழைத்துப் போகச் சொல்லிவிட்டு வந்தோம்.

இப்படிப்பட்ட கண்கள் ஆஸ்பத்திரி ஜன்னல்களில் இருக்க வேண்டும். அவை நம் வீடுகளிலிருந்தே வர வேண்டும்.